ஆனியில் கெடுத்த தலை

ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறு. கடையில் உட்கார இடமில்லாத கூட்டம். நாற்காலிக்கு வந்த தம்பிக்கு 29 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. "அண்ணா, ஆவணியில் கல்யாணம். மேலே முடி படுத்தே கிடக்கிறது. கொஞ்சம் எழுந்து நிற்கிற மாதிரி வெட்டிவிடுங்கள்" என்றார். நான் யோசிக்கவில்லை. கை பழக்கத்தில் பல் கத்தரியை எடுத்தது.

பல் கத்தரியில் ஒரு பக்கம் சாதாரண அலகு, மறுபக்கம் சீப்பைப் போலப் பற்கள். ஒரு தடவை மூடித் திறந்தால் பிடித்த முடியில் ஒரு பங்குதான் அறுபடும்; மிச்சம் பற்களுக்கு இடையில் தப்பிவிடும். தேங்காய் நாரைப் போன்ற முரட்டு முடிக்கு இது வரப்பிரசாதம். பாரம் குறையும், உள்ளே அறுபட்ட குட்டை முடிகள் விறைப்பாக நின்று மேலிருக்கும் நீள முடியைத் தாங்கிப் பிடிக்கும். பல்லடத்தில் கடை வைத்த இந்த 18 வருடத்தில் இந்த வித்தையால் பலர் தலையை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். அதே நினைப்பில் இந்தத் தம்பியின் உச்சியிலும் ஏழெட்டுத் தடவை போட்டேன். கீழே துணியில் விழுந்த முடி பஞ்சு மாதிரி காற்றில் நகர்ந்தது. அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அவர் கண்ணாடியில் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, பணம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் ஊர்ப்பக்கத்து மரியாதை அப்படி. முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார்கள். ஆனால் இவருக்கு அம்மா இருந்தார். புதன்கிழமை காலை மகனைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். "ஏனுங்க தம்பி, கல்யாணத்துக்கு ஏழு வாரம்கூட இல்லை. என் மகன் தலையைக் கோழி கொத்தின மாதிரி ஆக்கி வைத்திருக்கிறீர்களே!" பல்லடத்தில் கோழிப் பண்ணைக்குப் பஞ்சமில்லை, அந்த உவமை யாருக்கும் விளங்கும்.

அவர் சொன்னதில் மிகை இல்லை. உச்சியில் விளக்கொளி நேராக விழுந்தபோது மண்டைத் தோல் வெளுப்பாகத் தெரிந்தது. அறுபட்ட குட்டை முடிகள் எதையும் தாங்கவில்லை, அவையும் சேர்ந்து படுத்துக்கொண்டன. நீள முடியின் நுனிகளோ ஒன்றிரண்டாகப் பிரிந்து, கிழிந்த துணியின் ஓரம்போல் தொங்கின. ஏற்கெனவே இல்லாத இடத்திலிருந்து நான் எடுத்திருக்கிறேன். "தப்பு என்னுடையதுதான் அம்மா, கல்யாணத்துக்குள் சரிசெய்து தருகிறேன், காசு வேண்டாம்" என்றேன்.

முதலில் செய்திருக்க வேண்டிய வேலையை அன்றைக்குத்தான் செய்தேன். முடியைப் பரிசோதித்தேன். உதிர்ந்து கிடந்த தம்பியின் முடி ஒன்றையும் என் தலையில் பிடுங்கியது ஒன்றையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என்னுடையது கோடாகத் தெரிந்தது. அவருடையதைத் தேட வேண்டியிருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினால் என் முடி உறுத்துகிறது, அவர் முடி இருப்பதே தெரியவில்லை. அவர் உடனே தொழில் மொழியில் சொன்னார்: "உங்களுடையது இருபதாம் நம்பர் நூல், என்னுடையது அறுபதாம் நம்பர்." திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீள நூல்சுருள், அதாவது சிட்டம், எத்தனை வருகிறது என்பதுதான் நூலின் நம்பர்; நம்பர் ஏற ஏற நூல் இளைக்கும்.

முடி மெல்லியதாக இருப்பது வேறு, எண்ணிக்கை குறைவாக இருப்பது வேறு. வருகிறவர்கள் இரண்டையும் "முடி கம்மி" என்றே சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறேன். சீப்பு முனையால் நான்கு இடத்தில் வகிடு எடுத்துப் பார்த்தேன். வகிடு நூல் பிடித்ததுபோல் ஒடுக்கமாக இருந்தது, நெற்றி ஓரங்கள் ஏறவில்லை. ஐம்பது அறுபது முடியைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக உருவினேன்; ஒன்று வந்தது. ஆறு ஏழு வந்திருந்தால் கத்தரியை வைத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளது. ஆக, இவருக்கு எண்ணிக்கையில் குறைவில்லை, ஒவ்வொன்றும் இளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இளைத்த முடி ஏன் படுக்கிறது என்பதைக் கடைக்கு வரும் பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர் கணக்காகவே சொன்னார். முடி என்பது ஒரு கம்பி. கம்பியின் விட்டம் பாதியானால் வளையாமல் நிற்கும் வலு பாதியாகக் குறையாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். மெல்லிய முடியின் விட்டம் 0.05 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும், தடித்தது 0.1 வரைகூடப் போகும். அப்படியென்றால் என் முடி ஒன்று நிற்கிற இடத்தில் அவர் முடி பதினாறு வேண்டும். இதைக் கேட்ட பிறகுதான் நான் அறுத்துப்போட்ட குட்டை முடிகள் ஏன் தாங்கவில்லை என்று புரிந்தது. தூணாக நிற்கட்டும் என்று வைக்கோலை நட்டிருக்கிறேன்.

கணக்குப் போட்டோம். முடி மாதத்துக்குச் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். நீள முடி 6 சென்டிமீட்டர், நான் அறுத்தது இரண்டரை. இடைவெளி மூன்றரை. ஆறு வாரத்தில் இரண்டும் ஒன்றேமுக்கால் வளரும். அப்போது நீளத்தை மறுபடி ஆறுக்கு வெட்டினால் குட்டை முடி நாலேகாலில் நிற்கும், இடைவெளி பாதியாகும். முழுச் சமம் கல்யாணத்துக்குள் வராது. பாதியை வெட்டால் சரிசெய்வது, மீதியைக் காயவைக்கிற விதத்தால் மறைப்பது என்று முடிவு செய்தோம். ஆடி முழுவதும் உச்சியில் கத்தரி படக்கூடாது என்பது என் நிபந்தனை. ஆடியில் கல்யாணமும் கிடையாது, நல்லதாகப் போயிற்று.

அந்த ஒரு மாதம் சும்மா போகவில்லை. தலை குளிக்கும் விதத்தைக் கேட்டேன். உடம்புக்குப் போடும் சோப்பையே தலைக்கும் போடுகிறார். வீட்டில் ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர். எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் குடிக்க, உப்புத் தண்ணீர் மற்றதற்கு என்பது எழுதாத சட்டம். வாளிக்குள் சூடேற்றும் கம்பியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புச் சத்து சோப்புடன் சேர்ந்து கரையாத பிசுக்காக மாறிவிடும். எத்தனை செம்பு ஊற்றினாலும் போகாது. முரட்டு முடி அதைச் சுமந்துகொண்டு நிற்கும். மெல்லிய முடி சுமக்க முடியாமல் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கும். சோப்பை நிறுத்தி ஷாம்புக்கு மாற்றினேன். ஷாம்பு உப்புத் தண்ணீரில் அப்படித் திரிவதில்லை. கடைசி இரண்டு செம்பு மட்டும் நல்ல தண்ணீரில் அலசச் சொன்னேன்.

அடுத்தது எண்ணெய். இது கஷ்டமான பேச்சுவார்த்தை. காங்கேயத்திலும் வெள்ளகோவிலிலும் எண்ணெய் ஆட்டுகிற நாட்டில் இருந்துகொண்டு, காலையில் தலைக்கு எண்ணெய் வைக்காதே என்று ஒரு தாயிடம் சொல்வது லேசான காரியம் இல்லை. "எண்ணெய் வைக்காத தலை பரட்டை" என்றார். தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லது, முடிக்குள்ளேயே இறங்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பகலில் அது இவர் தலையில் பசை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அப்படியே வைத்துக்கொள்வது, மற்ற நாட்களில் காலையில் வைப்பதில்லை என்று ஒப்பந்தம் ஆயிற்று. சனிக்கிழமை எண்ணெய்ப் பிசுக்குப் போக அரப்பு. அரப்புத் தூளைக் கரைத்து நேரடியாகத் தேய்த்தால் மெல்லிய முடியில் தூள் தங்கி, காய்ந்தபின் பொடுகு போலத் தெரிகிறது. முதல் வாரமே அப்படி ஆகி, அம்மா மறுபடி என்னைத் திட்டினார். பழைய வேட்டித் துணியில் வடிகட்டித் தேய்க்கச் சொன்ன பிறகு சரியாயிற்று.

ஆடி முதல் வாரத்தில் பக்கவாட்டை மட்டும் வெட்டினேன். மெஷினில் 3ஆம் நம்பர் சீப்பு, அதாவது சுமார் 10 மில்லிமீட்டர், காதுக்கு மேலே இரண்டு விரல் வரை. அதற்கு மேல் சீப்பை வைத்துக் கத்தரி. பக்கம் ஒடுங்கினால் மேலே இருப்பது அகலமாகத் தெரியும் என்பது பழைய கண்கட்டு. இப்போது பையன்கள் கேட்கிற மாதிரி உச்சி வரைக்கும் தோல் தெரிய வழித்திருந்தால் கெட்டிருக்கும். தலை பக்கத்திலிருந்து மேலே வளைகிற அந்த மூலையில் முடி கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். உச்சி முடி சாய்ந்து நிற்பதற்குச் சுவர் அதுதான்.

ஆடிக் காற்று தனிக்கதை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் ஆளையே தள்ளும், காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். இவர் தினமும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வண்டியில் திருப்பூர் போகிறவர். ஹெல்மெட்டைக் கழற்றினால் தலை தோசைக்கல். அதற்கு ஒரு சின்ன வழி சொல்லிக்கொடுத்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது வகிட்டை வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் எடுத்துக்கொண்டு ஹெல்மெட் போடுவது. கம்பெனி போனதும் விரல் நுனியை நனைத்து வேர்களில் தொட்டு, முடியைப் பழைய பக்கத்துக்குத் திருப்புவது. தப்பான பக்கம் படுத்திருந்த வேர்கள் திரும்பி வரும்போது கொஞ்சம் எழுந்தே நிற்கும். செலவில்லாத வித்தை. இதை அவர் கம்பெனியில் நாலைந்து பேர் இப்போது செய்கிறார்களாம்.

ஆவணி பிறந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பாக, செவ்வாய்க்கிழமை, கடை விடுமுறை நாளில் அவரை வரச்சொன்னேன். செவ்வாயில் முடி வெட்டுவதா என்று அம்மா தயங்கினார். கூட்டமில்லாமல் ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும் என்றதும் அரைமனதாகச் சம்மதித்தார். கண்ணாடிக்கு மேலிருக்கும் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வெட்டினேன். விளக்கு உச்சியில் அடித்தால் எல்லா இடமும் வழுக்கையாகத் தெரியும், கை பயந்துவிடும்.

ஈர முடி இழுத்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். மெல்லிய முடியில் இந்த வித்தியாசத்தை மறந்தால் அரை சென்டிமீட்டர் கூடுதலாகப் போய்விடும். அதனால் லேசான ஈரத்தில் உருவம் மட்டும் கொண்டுவந்து, மீதியை உலர்ந்த பிறகு வெட்டினேன். முன்நெற்றியிலிருந்து பின்னுச்சி வரை இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பாத்தி எடுத்து, தலைக்கு நேர் மேலாகத் தூக்கி, விரலிடுக்கில் இறுக்காமல் பிடித்து, குறுக்காக ஒரே நேர்கோட்டில் ஒரு வெட்டு. முன்னால் 6 சென்டிமீட்டர், பின்னால் போகப்போக நாலரை. ஒவ்வொரு பாத்திக்கும் முந்தைய பாத்தியின் ஓரத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், அதுதான் அளவுகோல். கிழிந்த நுனிகள் போனதும் விரலுக்கு மேலே ஒரு கரிய கோடு தெரிந்தது. ஐந்தாறு வாரத்தில் முதல் தடவையாக அந்த முடிக்கு ஓரம் இருந்தது. சாதாரணமாக நான் இந்த இடத்தில் கத்தரி முனையைச் செங்குத்தாக விட்டு நுனியைக் கலைப்பேன். இப்போது நெற்றியில் விழும் பகுதியில் மட்டும் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகவில்லை. நேர்வெட்டு நுனிகள் ஒரே உயரத்தில் சேர்ந்து நிற்பதால் முடி தடித்ததாகத் தெரிகிறது. கலைக்கக் கலைக்க அந்தத் தோற்றம் கரையும்.

பின்னுச்சிச் சுழியில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டேன். அங்கே முடி வட்டமாகச் சுற்றி வளர்வதால் நடுவில் தோல் எப்போதும் தெரியும். குட்டையாக வெட்டினால் கொண்டையாக விறைக்கும். சுழி போகிற பக்கமாகவே முடியைச் சீவி, அதன் போக்கிலேயே வெட்டினால் நடுப்புள்ளியை அது தானே மூடிக்கொள்ளும்.

வெட்டு முடிந்து அவர் கண்ணாடியில் பார்த்து, "நன்றாக இருக்கிறது, ஆனால் எழவில்லையே" என்றார். உண்மைதான். வெட்டு பாதி வேலை. டிரையரை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் செய்ததைப் பார்த்தேன். மேலிருந்து கீழாக, முடி போகிற திசையிலேயே, முழுச் சூட்டில், உச்சியை அமுக்கி அமுக்கிக் காயவைத்தார். இஸ்திரி போடுவதுபோல்.

இஸ்திரி என்றதும் அவருக்கே விஷயம் பிடிபட்டது. பருத்திச் சட்டையில் தண்ணீர் தெளித்து மடிப்பை எடுக்கிறோம் அல்லவா, முடியிலும் அதே நியாயம். முடிக்குள் இருக்கும் புரத இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் கட்டுகளில் ஒரு வகை நனைந்ததும் அவிழ்ந்துவிடும். காயும்போது முடி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் மறுபடி கட்டிக்கொள்ளும். படுக்கவைத்துக் காயவைத்தால் படுத்தே இருக்கும். வியர்த்தாலும் மழையில் நனைந்தாலும் குலைவதற்கும் இதுவே காரணம்.

நான் செய்து காட்டியது இது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். மின்விசிறியில் சற்றுநேரம் விட்டு, சொட்டாத ஈரம் வந்த பிறகு டிரையரை மிதமான சூட்டில் ஒரு சாண் தூரத்தில் பிடித்தேன். வலப்பக்கம் சாயும் முடியை இடப்பக்கமாக விரலால் தள்ளி வேரில் காற்று. பிறகு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக. பிறகு பின்னுச்சியிலிருந்து நெற்றிக்கு. மூன்று திசையிலும் எதிர்த்து எதிர்த்துக் காயவைத்தால் வேர்கள் எந்தப் பக்கமும் படுக்கத் தெரியாமல் குழம்பிப்போய் நிற்கின்றன. முழுவதும் காய்ந்த பிறகுதான் வேண்டிய திசைக்குத் திருப்பினேன். கடைசியில் முன்முடியை விரலிடுக்கில் தூக்கிப் பிடித்தபடி குளிர்ந்த காற்று அரை நிமிடம். சூட்டோடு கையை எடுத்தால் சரிந்துவிடும். ஆறவிட்டு எடுத்தால் நிற்கும். எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம். கண்ணாடியில் முன்முடி கட்டைவிரல் உயரத்துக்கு எழுந்து வளைந்து நின்றது. அவர் கையை மேலே கொண்டுபோய், தொடாமல், இறக்கினார்.

பூசுகிற சரக்கில் சில சோதனைகள் நடந்தன, பெரும்பாலும் தோல்வி. ஜெல் முடிகளைக் கற்றை கற்றையாக ஒட்டி, கற்றைக்கு நடுவில் மண்டையைக் காட்டியது. பளபளக்கும் வாக்ஸ் எண்ணெய்க்குத் தம்பி. குழந்தைகளுக்குப் போடும் பவுடர் பிசுக்கை உறிஞ்சியது, ஆனால் கருமுடியில் மாவு மில்லில் வேலை பார்த்தவர் மாதிரி ஆனார். நல்ல தண்ணீரில் உப்புக் கரைத்த தெளிப்பு நானே கலந்தேன். முதல் கலவையில் உப்பைக் கொட்டிவிட்டேன். காய்ந்ததும் தோளில் வெள்ளைத் துகள். 200 மில்லி நல்ல தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி போதும், அதையும் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம், முடி வறண்டுவிடும். கடைசியில் நிலைத்தது கிளே என்கிற பளபளப்பில்லாத முடிப்பூச்சுதான். உளுந்து அளவு எடுத்து, உள்ளங்கையில் தடமே தெரியாத வரை தேய்த்து, பின்னாலிருந்து வேர்ப்பக்கமாக விரலை விட்டு உலுப்புவது. முன்னாலிருந்து ஆரம்பித்தால் மொத்தமும் நெற்றியிலேயே தங்கிவிடும்.

முகூர்த்தம் அதிகாலை. மூன்றரை மணிக்கே டிரையருடன் மண்டபத்துக்குப் போய்விட்டேன். மாப்பிள்ளை அறையில் இருந்த ஒரே பிளக்கில் மூன்று செல்போன்கள் தொங்கின. கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினேன். முகச் சவரம், தலை அலசல், ஆறு நிமிடம் டிரையர். படம் எடுக்க வந்த பையனே, "அண்ணா, முடி அருமையாக இருக்கிறது" என்றான். ஏழு வாரப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அம்மாவும் எட்டிப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணம் கையில் இல்லை.

அப்போது பெரியவர் ஒருவர் உருமால் என்கிற தலைப்பாகைத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, இந்த மாதிரிக் கல்யாண வீடுகளில் நின்று மங்கல வாழ்த்துப் பாடியவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சின்ன வயதில் எத்தனை சீர், சடங்கு பார்த்திருப்பேன். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை தலையில் உருமால் கட்டுவார்கள் என்பதை மறந்துவிட்டு, ஏழு வாரமாக முடிக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். பெரியவர் துணியை உதறி, மாப்பிள்ளையின் தலையில் இரண்டு சுற்று இறுக்கிக் கட்டினார். தம்பி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உருமாலை அவிழ்த்ததும் வரவேற்புப் படங்களுக்கு முன்னால் எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்று படம் எடுக்கிற பையனிடம் சொல்லிவைத்தேன். சீர் எல்லாம் முடிந்து தம்பி அறைக்குள் வந்தபோது தலை பழைய தோசைக்கல். விரலை நனைத்து வேர்களை மட்டும் தொட்டேன், நுனியை நனைக்கவில்லை. இடம், வலம், பின்னாலிருந்து முன். பிறகு குளிர்ந்த காற்று. நாலு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே பந்தியில் இலை போடும் சத்தம் கேட்டது. செல்போன்களை மறுபடி பிளக்கில் மாட்டிவிட்டு நானும் சாப்பிடப் போனேன்.